குழி சரியாகத்தான் இருந்தது

மாவனல்லைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு இடிதாங்கி போட்டுக் கொடுத்தவன் நான். 1990களின் கடைசியில் செய்த வேலை அது. அடுத்த சித்திரையிலேயே அங்கே இடி விழுந்தது. செப்புப் பட்டை வழியே மண்ணுக்குப் போயிருக்க வேண்டிய மின்சாரம் மேலேயே தாவி, ஒலிபெருக்கி வயரில் ஏறிக் கோயிலுக்குள் வந்து, மைக் பிடித்திருந்த பூசாரியைத் தூக்கிப் போட்டது. அவருக்கு ஒரு காது போய்விட்டது. ஏர்த் குழியைச் சரியாக வெட்டாததுதான் காரணம் என்று தோட்டம் முழுக்கப் பேசினார்கள். அந்தப் பேச்சைத் தொடக்கி வைத்தவனும் நான். குழியில் எந்தக் குறையும் இல்லை என்பது அந்த வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

என் பெயர் கெட்டுவிடும் என்ற பயம்தான் என்னை இத்தனை காலம் கட்டி வைத்தது. அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். என் தாய் பால் வெட்டினார். தகப்பன் ஸ்டோரில் ரப்பர் ஷீட் புகை போட்டார். அங்கிருந்து விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் படித்து பௌதிகவியல் மாஸ்டராக மாவனல்லைக்கு இறங்கி வந்தபோது, தோட்டத்துச் சனங்கள் என்னைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். லயங்களுக்கு கரண்ட் எடுத்த காலத்தில் வயரிங் வேலையும் பழகிக்கொண்டேன். கொழும்பு–கண்டி வீதியில் பெயர்ப்பலகை போட்ட எந்த வயரிங் பாஸையும்விட என் சொல்லை அவர்கள் நம்பினார்கள். கோயிலுக்கு இடிதாங்கி வேண்டும் என்று தலைவர் வந்து கேட்டபோது, கூலி வாங்க மாட்டேன் என்றேன். அந்த வார்த்தையோடு, என்னை யாரும் கேள்வி கேட்கவும் கூடாது என்ற எண்ணமும் எனக்குள் புகுந்துகொண்டது. அன்று அதை நான் கவனிக்கவில்லை.

சப்ரகமுவப் பக்கம் இருப்பவர்களுக்கு இடியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. இரண்டு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில், பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும், காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். மத்தியானம் தாண்டினால் பத்தலேகலை மலைக்கு மேலே மேகம் கறுத்துத் திரளும். பால் வெட்டுக்குப் போனவர்கள் வாளியோடு லயத்துக்கு ஓடி வருவார்கள். தோட்டத்துத் திருவிழாக்கள் பலவும் இதே மாதங்களில்தான் வருகின்றன. மேட்டில் தனியாக நிற்கும் கோயில், அதன் உச்சியில் கலசம், கலசத்துக்குப் பக்கத்தில் குழாய் ஸ்பீக்கர். இடிக்கு இதைவிட வசதியான இடம் வேண்டாம்.

கலசத்திலிருந்து தரை வரை 10 மீற்றர். 25 மில்லிமீற்றர் அகலமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள செப்புப் பட்டை ஒன்றைக் கோபுரத்தின் பின்பக்கமாக இறக்கினேன். ஆள் உயரக் குழி. அதில் செப்புத் தகடு, அதைச் சுற்றிக் கரியும் உப்பும். குழியை வெட்டியவர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒரு தொழிலாளி. என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வேலை நடந்துகொண்டிருந்தபோது அவர் கேட்டார்: “மாஸ்டர், ஸ்டோருக்கு நாலு மூலையிலயும் பட்டை எறக்கியிருக்காங்க. நம்ம கோயிலுக்கு ஒண்ணு போதுங்களா?”

அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. படிப்பால் வந்ததல்ல, கண்ணால் பார்த்து, யோசித்துக் கேட்டது. “அது பெரிய கட்டடம் அண்ணே. இது தடிச்ச செம்பு, ஒண்ணே தாங்கும்” என்றேன். அன்று மாலை கோயில் கமிட்டிக்கு முன்னால் கணக்கும் போட்டுக் காட்டினேன். 10 மீற்றர் பட்டையின் தடை 2.3 மில்லிஓம். 30,000 அம்பியர் மின்னல் வந்தாலும் உச்சிக்கும் அடிக்கும் இடையில் 69 வோல்ட்தான் வரும். வீட்டு கரண்டைவிடக் குறைவு, தொட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். கைதட்டினார்கள். இரண்டாவது பட்டைக்கு வைத்திருந்த காசில் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கலாம் என்று முடிவானது. அந்தக் காசு அவர்கள் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்தது.

அந்தக் கணக்கில் பெருக்கல் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது நேரோட்டக் கணக்கு. சீராக ஓடும் மின்னோட்டத்துக்குத்தான் தடை மட்டும் போதும். மின்னல் சீராக ஓடுவதில்லை. ஒன்றுமில்லாத நிலையிலிருந்து பல்லாயிரம் அம்பியருக்கு ஒரு செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் ஏறுகிறது. அந்த வேகத்தில் செம்பு எவ்வளவு தடிப்பு என்பது பொருட்டே அல்ல. ஓட்டம் மாறும்போது பட்டையைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் மாறுகிறது; அந்த மாற்றம் ஓட்டத்தை எதிர்க்கும் அழுத்தத்தை உண்டாக்குகிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாரம் ஏற்றிய லொறியை நின்ற இடத்திலிருந்து கிளப்புவது போன்றது அது: வீதி எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும், பாரம் பாரம்தான். இந்தக் குணத்துக்குத் தூண்டுதிறன் என்று பெயர். அந்தப் பாடத்தை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். சுருளை வரைந்து, சுற்றுகளின் எண்ணிக்கையை எழுதி, சூத்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சுருள் இருந்தால்தான் தூண்டுதிறன், நேரான பட்டைக்கு அது கிடையாது என்று நானே நம்பியிருந்தேன். பரீட்சையில் வருவது சுருள். ஆகவே உலகத்திலும் சுருள் மட்டும்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் என்றால் எனக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். 1888இல் ஒலிவர் லாட்ஜ் இலண்டனில் இடிதாங்கிகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். லெய்டன் சாடிகளை ஒரேயடியாக வெறுமையாக்கும்போது, தடித்த செப்புக் கம்பி பாதையாகக் கிடந்தும் மின்சாரம் அதை விட்டுவிட்டுக் காற்று இடைவெளியில் தாவியதைச் செய்தே காட்டினார். அந்த ஆண்டு செப்ரெம்பரில் பாத் நகரத்தில் கூடிய பிரித்தானிய விஞ்ஞானச் சங்கத்தில், தபால் திணைக்களத்தின் மின்பொறியியலாளர் வில்லியம் பிரீஸ் அவரை எதிர்த்து வாதாடினார். பிரீஸுக்குத் தன் அனுபவமே சாட்சி. தடை குறைவாக இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. தோட்டத்துக் கோயில் திண்ணையில் உட்கார்ந்து நான் பேசியது பிரீஸ் பேசிய பேச்சு. நூறு வருடத்துக்கு முன்பே தோற்றுப்போன வாதம்.

தட்டையான கடத்தியின் தூண்டுதிறனைக் கணிக்கும் வழியும் அதே அளவு பழையது. ஒரு செவ்வக வெட்டுமுகத்தின் எல்லாப் புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தூரங்களின் பெருக்கல் சராசரியை எடுத்தால், அந்தப் பட்டை முழுவதையும் ஒரே ஆரையாகச் சுருக்கிவிடலாம். இந்த வழியை மக்ஸ்வெல் காட்டினார். செவ்வகத்துக்கு அந்த ஆரை, அகலத்தையும் தடிப்பையும் கூட்டி 0.2235ஆல் பெருக்கினால் ஏறக்குறைய வந்துவிடும். வாஷிங்டனில் எட்வர்ட் ரோசா 1908இல் நேரான கடத்திகளுக்கான சூத்திரங்களை ஒழுங்காகத் தொகுத்தார். ஃப்ரெட்ரிக் குரோவர் 1946இல் அவற்றை அட்டவணைகளோடு புத்தகமாகவே போட்டார். மடக்கை தெரிந்த எவரும் செய்யக்கூடிய கணக்கு இது: நீளத்தின் இருமடங்கை, அகலமும் தடிப்பும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும், வருவதன் இயற்கை மடக்கையோடு அரையைக் கூட்ட வேண்டும், அதைச் சென்ரிமீற்றரில் எடுத்த நீளத்தாலும் 0.002ஆலும் பெருக்கினால் மைக்ரோஹென்றியில் விடை. ஓர் உறுப்பு இன்னும் உண்டு. நீண்ட பட்டைக்கு அது மிகச் சிறியது.

என் பட்டைக்கு இதைப் போட்டால்: 2000ஐ 2.8ஆல் வகுக்க 714. மடக்கை 6.57. அரையைக் கூட்ட 7.07. விடை 14 மைக்ரோஹென்றி. சுவிற்சர்லாந்தில் லுகானோவுக்குப் பக்கத்தில் உள்ள சன் சல்வத்தோரே மலைக் கோபுரங்களில் கார்ல் பெர்கர் பல ஆண்டுகள் மின்னலை அளந்தார். 1975இல் வெளியான அந்த அளவுகளில், முதல் வீச்சின் உச்ச ஓட்டம் நடுத்தரமாக 30,000 அம்பியர். ஓட்டம் ஏறும் வேகம் நடுத்தரமாக மைக்ரோசெக்கனுக்கு 12,000 அம்பியர். அதே பாதையில் தொடர்ந்து வரும் வீச்சுகளில் உச்சம் குறைவு. ஆனால் ஏறும் வேகம் 40,000. 14ஐ 12,000ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு இலட்சத்து எழுபதாயிரம் வோல்ட் வருகிறது. கமிட்டிக்கு நான் சொன்னது 69.

இந்தக் கணக்கில் என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. நான் பெருமையாகத் தூக்கிக் காட்டிய பட்டை வடிவம் அநேகமாக ஒன்றும் செய்யவில்லை. அதே அளவு செம்பை உருண்டைக் கம்பியாக இறக்கியிருந்தால் 15 மைக்ரோஹென்றி, பட்டைக்கு 14. அகலத்தை இரண்டு மடங்காக்கி 50 மில்லிமீற்றர் போட்டிருந்தாலும் 13க்குச் சற்றுக் கீழேதான் இறங்கும். மடக்கைக்குள் போய் ஒளிந்துகொண்ட அகலம் அவ்வளவுதான் உதவும். இன்னொரு பட்டையை எதிர்ப் பக்கத்தில், முதலாவதிலிருந்து விலக்கி இறக்கினால் ஓட்டம் இரண்டாகப் பிரியும். அழுத்தமும் பாதிக்குக் கிட்ட இறங்கும். செம்பைத் தடிப்பாக்குவதால் கிடைக்காதது, செம்பைப் பிரித்துப் போட்டால் கிடைக்கிறது. ஸ்டோரைப் பார்த்து அண்ணன் கேட்டது இதைத்தான்.

இடி விழுந்தது திருவிழாவுக்குச் சோடனை கட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். நான் அங்கே இல்லை. மறுநாள் போனேன். குழாய் ஸ்பீக்கரின் இரும்புப் பிடி பொருத்தியிருந்த இடத்தில் சாந்து பெயர்ந்து விழுந்திருந்தது. பட்டையிலிருந்து வயர் வரைக்கும் சுவரில் கருகல் தடம். ஸ்பீக்கர் வயரைப் பட்டைக்கு ஒரு சாண் தள்ளி, அதற்குச் சமாந்தரமாகக் கீழே வரைக்கும் கிளிப் அடித்திருந்தார்கள். எங்கே அடிக்கலாம் என்று என்னிடம் கேட்டுத்தான் அடித்தார்கள். அந்தப் பக்கமே போகட்டும், முன்பக்கம் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று சொன்னது என் வாய். அம்ப்ளிஃபயர் கருகிக் கிடந்தது. பூசாரி ஆஸ்பத்திரியில் இருந்தார். காதின் சவ்வு கிழிந்திருந்தது, வலது கை விரல்களில் தீக்காயம்.

கோயில் வாசலில் சனம் கூடி நின்றது. தலைவர் என்னைப் பார்த்து, “ஏன் மாஸ்டர் இப்படி ஆச்சு?” என்றார். எனக்குக் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். “ஏர்த் சரியா எடுக்கலன்னா இப்படித்தான் ஆகும். குழியப் பாக்கணும்” என்றேன். எல்லோர் கண்ணும் அண்ணன் பக்கம் திரும்பின. கரியையும் உப்பையும் சொன்ன அளவுக்குப் போட்டாயா, இல்லை அரைகுறையாக மூடிவிட்டாயா என்று யாரோ கேட்டார்கள். “மாஸ்டர் சொன்ன மாதிரித்தான் போட்டேன்” என்றார். என் முகத்தைப் பார்த்தார். நான் குழிப்பக்கம் பார்த்தேன்.

அந்த வாரம் ஏர்த் டெஸ்டர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு தனியாகப் போய், கம்பிகளை ஊன்றி அளந்தேன். 6 ஓம். பட்டை போட்ட மாசி மாதத்தில், வறண்ட மண்ணில் அளந்தபோது 8. இரண்டும் என் கொப்பியில் இருக்கின்றன. இடிதாங்கிக்கு 10 ஓமுக்குள் இருந்தால் போதும் என்பதுதான் தரம். பாறையும் செம்மண்ணும் கலந்த அந்த மேட்டில் 6 ஓம் எடுப்பது லேசான காரியம் அல்ல. அண்ணன் குழியை நான் சொன்னதைவிடவும் ஆழமாக வெட்டியிருக்கிறார். டெஸ்டரின் முள் 6இல் நின்றதைப் பார்த்த பிறகும், நான் யாரிடமும் எதையும் சொல்லாமல் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு மாவனல்லைக்கு இறங்கினேன். அதற்கு முந்திய தவறை அறியாமை என்று சொல்லலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

மண்ணும் குற்றத்தில் பங்கு உடையதுதானே என்று பொறியியல் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மை. 30,000 அம்பியர் 6 ஓமில் இறங்கினால் பட்டையின் அடியே ஒரு இலட்சத்து எண்பதாயிரம் வோல்ட்டுக்கு ஏறிவிடும். அம்ப்ளிஃபயரோ மின்சார சபைக் கம்பி வழியாகத் தூரத்து மண்ணோடு கட்டுண்டிருந்தது. அந்த இரண்டு மண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் முழுவதும் கோயிலுக்குள்ளே நின்றது. அதற்குப் பரிகாரம் குழியை இன்னும் தோண்டுவது அல்ல. இடிதாங்கியின் ஏர்த்தையும் கோயில் வயரிங்கின் ஏர்த்தையும் கீழே ஒன்றாக இணைப்பது. ஒரு துண்டுச் செம்பு, இரண்டு போல்ட். மின்னல் சாமான் வீட்டு வயரைத் தொடக்கூடாது என்று நினைத்து அதையும் நான் செய்யவில்லை. ஆகவே மண்ணின் பங்கும் என் கணக்கில்தான் வரும்.

பிறகு பல வருடம் அதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகினேன். 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கியபோது, அந்தப் பிள்ளைகளுக்கு மின்பாடத்தில் உதவி செய்யக் கேட்டார்கள். சுவிச்போர்ட்டுகளில் வரும் பஸ்பார் பற்றிச் சொல்லும்போது ஒரு மாணவி எழுந்து, சுற்று இல்லாத தட்டைச் செம்புக்கும் தூண்டுதிறன் உண்டா சேர் என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்றிரவு குரோவரின் சூத்திரத்தைத் தேடி எடுத்தேன். உதாரணத்துக்கு ஏதாவது அளவு வேண்டுமே என்று, கைக்கு வந்த அளவை எழுதினேன்: 25க்கு 3, நீளம் 10 மீற்றர். 14 வந்தது. அதை 12,000ஆல் பெருக்கியபோது என் கை நடுங்கியது.

மறுநாள் அந்த மாணவிக்குக் கணக்கைக் கரும்பலகையில் முழுதாகப் போட்டுக் காட்டினேன். கோயிலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

என் தவறை நானே விசாரிக்கத் தொடங்கியதும் கணக்கு இன்னும் நுணுக்கமானது. 14 மைக்ரோஹென்றி என்பது பட்டை தனியாக வெளியில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு போட்டது. மின்னோட்டம் எங்கோ போய் எப்படியோ திரும்பி வந்தாக வேண்டும்; தூண்டுதிறன் என்பது முழுச் சுற்றுக்குத்தான் சொந்தம், ஒரு துண்டுக்குக் கொடுப்பது வசதிக்காக. அதைப் பகுதித் தூண்டுதிறன் என்று பிரித்துக் கையாளும் முறையை ஆல்பர்ட் ரூலி 1972இல் வகுத்துக் கொடுத்தார். எனக்கு வேண்டியது பட்டைக்கும் ஸ்பீக்கர் வயருக்கும் இடையில் நின்ற அழுத்தம். வயரும் அதே காந்தப்புலத்துக்குள் பட்டைக்குச் சமாந்தரமாகத்தான் ஓடுகிறது. அதிலும் அழுத்தம் தூண்டப்படும். ஆகவே இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த ஒரு சாண் அகலமான, 9 மீற்றர் உயரமான பரப்புக்குள் எவ்வளவு காந்தப்பாயம் போகிறது என்பதுதான் கேள்வி. பட்டையின் சராசரி ஆரை 6.3 மில்லிமீற்றர், இடைவெளி 230. ஒன்றை மற்றதால் வகுத்து மடக்கை எடுத்து, மீற்றருக்கு 0.2ஆல் பெருக்கினால் 0.72. ஸ்பீக்கர் உயரமான 9 மீற்றருக்கு 6.5 மைக்ரோஹென்றி. முதல் வீச்சில் 78,000 வோல்ட். பின்னால் வரும் வேகமான வீச்சில் 260,000. நீண்ட இடைவெளியில் காற்று சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 5,000 வோல்ட்டில் உடையும். ஒரு சாணுக்கு 115,000. அதோடு, இணைக்காமல் விட்ட ஏர்த்தின் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் வேறு. தாவாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஐ.ஈ.சி. 62305 என்ற சர்வதேசத் தரம் இதையெல்லாம் ஒரு வரியில் சுருக்கித் தருகிறது. சாதாரணக் கட்டடத்துக்கு, ஒரே பட்டை என்றால், 10 மீற்றர் உயரத்தில் மற்ற உலோகங்கள் காற்றில் 40 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். செங்கல் சுவர் குறுக்கே இருந்தால் 80. இரண்டு பட்டை என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு போதும். அந்தத் தரம் வந்தது 2006இல், என் வேலைக்குப் பிறகு. நான் வேலை செய்த காலத்துப் பிரித்தானியத் தரமான பி.எஸ். 6651, சுற்றளவில் 20 மீற்றருக்கு ஒரு பட்டை என்றது. சிறிய கோயிலுக்கு ஒன்றே போதும் என்று அதைக் காட்டித் தப்பித்துக்கொள்ள மனம் ஆசைப்பட்டது உண்டு. ஆனால் அதே தரம், பக்கத்தில் உள்ள உலோகத்தை ஒன்று தள்ளி வை, இல்லை இணைத்துவிடு என்கிறது. பட்டை வளைந்து திரும்பும் இடத்தில் வளைவின் நீளம் வாய் அகலத்தின் 8 மடங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. கோபுரத்தின் விளிம்பைச் சுற்றி நான் வளைத்தது: வெளியே 40 சென்ரிமீற்றர், கீழே 10, உள்ளே 40. 9 மடங்கு. ஸ்பீக்கரின் பிடி அந்த வளைவுக்கு நேர் பக்கத்தில் இருந்தது.

இடி விழுந்த அந்தத் திருவிழாவில் கரகம் எடுக்கும்போது முன்னால் பந்தம் பிடித்துப் போகும் முறை அண்ணன் குடும்பத்துக்கு உரியது. அந்த ஆண்டு அதை வேறு வீட்டுக்குக் கொடுத்தார்கள். அம்மன் காரியத்தில் ஏனோதானோ என்று வேலை செய்த கை என்று சொன்னார்களாம். அவர் சண்டை போடவில்லை. கோயில் வேலைக்கு அவரை மறுபடி யாரும் கூப்பிடவும் இல்லை. என்னை வழியில் கண்டால் முன்னைப் போலவே “மாஸ்டர், சுகமா?” என்பார். 2016இல், அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்கள் புதைந்த அந்த ஆண்டின் கடைசியில், நோயில் இறந்தார். செத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் சொல்லவில்லை.

இந்த வருடம் தை மாதத்தில் அவருடைய மகனைத் தேடிப் போனேன். மாவனல்லை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். கொப்பியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “என்கிட்ட சொல்லி என்னங்க மாஸ்டர்? கோயில்ல சொல்லுங்க” என்றார். அது நியாயம். கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, இங்கே எழுதியிருப்பதையே சொன்னேன். சிலர் அழுதார்கள். மகன் பின்னால் நின்றார். வயதானவர்கள் இருவர், பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள் என்றார்கள்.

பூசாரி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “குழியிலதான் கோளாறுன்னு நீங்க சொன்னீங்க. குழியத் தோண்டிப் புதுசா கரி போட்டோம். புது ஸ்பீக்கர் வாங்கி, வயரைப் பழைய எடத்துலயே அடிச்சோம். இத்தனை வருஷமா நானும் என் மகனும் அந்த மைக்குக்கு முன்னாடிதான் நிக்கிறோம். அது தெரியுங்களா உங்களுக்கு?”

தெரியும். திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் அந்த வயரை நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். 2013க்குப் பிறகு அதன் அர்த்தமும் தெரிந்தே பார்த்திருக்கிறேன். ஒரு மனிதரின் நல்ல பெயரைத்தான் நான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய் ஆபத்தையும் அதே இடத்தில் காப்பாற்றி வைத்திருந்தது. ஒவ்வொரு சித்திரையும் யாரோ ஒருவர் என் பெயருக்காக அந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இதற்கு எந்தப் பதிலும் என்னிடம் இல்லை என்று அவரிடம் சொன்னேன். மன்னிப்பு அவர் கையில்; அதை நான் கேட்கவில்லை.

ஸ்பீக்கரைக் கோபுரத்திலிருந்து கழற்றித் தனிக் கம்பத்தில் மாட்டியாகிவிட்டது. கம்பம் பட்டையிலிருந்து பல மீற்றர் தள்ளி, தாழ்வாக நிற்கிறது. இரண்டு ஏர்த்தும் கீழே இணைந்துவிட்டன. மெயின் சுவிச்சில் மின்னெழுச்சி தடுப்பான் ஒன்றும் பூட்டினோம். விளிம்பில் வளைத்த பட்டையை நிமிர்த்தி, துளை போட்டு நேராக இறக்கினோம். எதிர்ப் பக்கத்துக்கான இரண்டாவது பட்டை என் செலவில் வந்திருக்கிறது. இம்முறை கணக்கை நான் மட்டும் போடவில்லை. அன்று கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது பொறியியலாளர். அவரிடம் கொடுத்துச் சரிபார்த்த பிறகே ஆணி அடித்தோம். கரகத்துக்கு முன்னால் பந்தம் பிடிக்கும் முறையைப் பற்றிக் கமிட்டி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. கொடுத்தாலும் வாங்குவதா என்பது அந்தக் குடும்பத்தின் இஷ்டம்.

அந்தக் கோயில் ஒன்றோடு நான் நிற்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் வேறு தோட்டங்களில், ஒரு பிள்ளை மடுவத்துக்கும் ஒரு பாடசாலைக் கட்டடத்துக்கும் இன்னும் சில கோயில்களுக்கும் இதே கையால், இதே நினைப்போடு பட்டை இறக்கியிருக்கிறேன். எல்லாம் ஒற்றைப் பட்டை. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக்கொண்டு வருகிறேன். எனக்கு வயதாகிவிட்டது, ஐப்பசி இடிக்கு முன்னால் எல்லாவற்றையும் முடிக்க முடியுமா தெரியவில்லை. நான் போட்ட பட்டை உங்கள் இடத்தில் இருந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். அதிலிருந்து ஒரு முழத்துக்குள் ஏதாவது வயர் ஓடினால், வெயில் அடிக்கிற காலையிலேயே கழற்றி வேறு சுவருக்கு மாற்றுங்கள். மேகம் கறுத்த பிறகு அதைத் தொட வேண்டாம். மைக் பக்கமும் யாரையும் விட வேண்டாம்.